அழித்த டிஸ்க்கில் இருந்த முகங்கள்

உங்க அம்மா இதை உங்களிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் நான் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும், அதனால் விட்டுவிட்டாள். இது நடந்த ரெண்டு நாளில் முதல் நாள் நீங்க ஆலங்காயத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தீங்க, மறுநாள் பள்ளிக்கூடத்தில். அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்க.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நம்ம கடை. போட்டோ எடுக்கிறோம், ஜெராக்ஸ் போடுகிறோம், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறோம். கடை ஆரம்பித்த புதிதில் கம்ப்யூட்டர் எப்பப் பார்த்தாலும் படுத்துக்கொள்ளும். சந்தை நாளில் பத்துப் பேர் பென்டிரைவ் கொண்டு வருவாங்க. பத்துப் பென்டிரைவுக்கும் ஒரே வைரஸ் காய்ச்சல். ஒன்றைச் சொருகினால் உள்ளே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் குட்டிக் குட்டி அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறிவிடும், நம்ம ஃபோல்டருக்கும் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருதரம் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறுவேன். மலைப்பாதை வளைவில் பெட்டி ஆடாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே போவேன், திரும்பி வருவதற்குள் தொடை மரத்துப்போகும்.

அப்போது தேனீயைப் பற்றி ஆராய்ச்சி பண்ண ஒரு அம்மா மலைக்கு வந்து தங்கியிருந்தாங்க. பிரிண்ட் எடுக்க நம்ம கடைக்குத்தான் வருவாங்க. ஒருநாள் நம்ம கம்ப்யூட்டர் திணறுவதைப் பார்த்துவிட்டு, "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கோங்களேன், காசு கிடையாது, இந்தக் காய்ச்சலும் ஒட்டாது" என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்தாங்க. நான் பயந்தேன். உங்க அம்மா பயப்படவில்லை. செங்கத்தில் பிளஸ் டூ படித்தவள், கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கற்றுக்கொண்டவள். ஆறு பேரில் கடைசியாகத் தள்ளப்பட்டவளுக்கு இப்போது முழுசாக ஒரு கம்ப்யூட்டர் கையில். விடுவாளா?

லினக்ஸ் வந்த பிறகு பெட்டி என் மடியில் உட்காரவே இல்லை. அதே பழைய கம்ப்யூட்டர்தான், ஆனால் பொத்தானை அமுக்கிவிட்டு நான் கடை வாசலைக் கூட்டி முடிப்பதற்குள் தயாராக இருக்கும். யார் பென்டிரைவைச் சொருகினாலும் அந்த அம்புக்குறி ஷார்ட்கட்டுகள் செத்த ஈசல் மாதிரி கிடக்கும், உங்க அம்மா பொறுக்கி அழித்துவிட்டு, "இந்தாங்க, இப்ப நல்லா கீது" என்று திருப்பிக் கொடுப்பாள். இதற்காகவே போளூரிலிருந்து வருகிற ஒரு வாத்தியார் தன் பென்டிரைவை மாதம் ஒருதரம் கொண்டுவந்து குளிப்பாட்டிக்கொண்டு போனார்.

ஃபைல் மேனேஜரை அவள் வைத்திருந்த அழகை நீங்க பார்த்திருக்கீங்க. படங்களை ஆள் பேரில் வைத்தால் நம்ம மலையில் தேட முடியாது. ஒரே பேரில் ஊருக்குப் பத்துப் பேர். அதனால் ஊர் பேரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வீட்டை எப்படிச் சொல்வாங்களோ அப்படி ஒரு ஃபோல்டர். 'ஓடைக்கரை வூடு', 'மேட்டுப் பலாமரத்து வூடு', 'டெய்லர் வூடு', 'ரெண்டு மாடு செத்த வூடு'. கடைசியாகச் சொன்ன வீட்டுக்காரர் ஒருதரம் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "மூணும்மா, ரெண்டு இல்ல" என்றார். உங்க அம்மா அங்கேயே மாற்றி எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆள் வந்து நின்றாலும், எந்த வீடு என்று சொன்னால் போதும், ரெண்டு தட்டில் படம் வந்துவிடும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் மூன்று டிஸ்க் இருந்தது. சின்னது ஒன்று, அதில் லினக்ஸ். மற்ற ரெண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு டிஸ்க்குகள், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்றில் நம்ம படங்கள் எல்லாம். இன்னொன்றில் பழைய சிஸ்டமும் வேண்டாத குப்பையும். படங்கள் இருந்த டிஸ்க் நிரம்பிப்போனதால் குப்பை டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். உங்க அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தாள்: 'எஸ்.டி.பி - பழசு, அழிக்கலாம். எஸ்.டி.சி - படங்கள்.' லினக்ஸ் டிஸ்க்குகளைக் கூப்பிடுகிற பேர் அது.

பெரியம்மா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்று உங்க அம்மாவும் நீங்க ரெண்டு பேரும் ஆலங்காயம் போனீங்க. கடையில் நான் மட்டும். கூட்டமில்லை. அவள் வருவதற்குள் வேலையை முடித்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. முதலில் பெட்டியைத் திறந்து, சைக்கிள் பம்பால் ஊதித் தூசி தட்டினேன். கேபிள்களைக் கழற்றித் துடைத்து மறுபடி சொருகினேன். எது எந்த ஓட்டையில் இருந்தது என்று பார்த்து வைக்கவில்லை. எதில் சொருகினால் என்ன, பேர்தான் எழுதி வைத்திருக்கிறதே என்று நினைத்தேன்.

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் நில அளவைக்காரர் கூடச் சங்கிலி பிடிக்கப் போயிருக்கிறேன். நிலத்துக்கு ஒரு சர்வே நம்பர் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். கைமாறினாலும், சாமை போட்டிருந்த இடத்தில் புளி வைத்தாலும், நம்பர் அந்த மண்ணோடு கிடக்கும். டிஸ்க்குக்கும் அப்படித்தான் என்று நம்பினேன். ஆனால் இந்த எஸ்.டி.பி, எஸ்.டி.சி எல்லாம் டிஸ்க்கோடு ஒட்டின பேர் இல்லை. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது எந்த டிஸ்க் முதலில் ஆஜர் சொல்கிறதோ அதற்கு முதல் பேர், அடுத்ததற்கு அடுத்த பேர். ரேஷன் கடை டோக்கன் மாதிரி. இன்றைக்கு மூணாம் நம்பர் வாங்கியவர் நாளைக்கு ரெண்டாம் நம்பராக இருப்பார். நான் கேபிளை மாற்றிச் சொருகியதில் ரெண்டு டிஸ்க்கும் டோக்கனை மாற்றிக்கொண்டன.

டிஸ்க்கைப் பாகம் பிரித்துப் பார்ட்டிஷன் போடுகிற ஜிபார்ட்டட் என்ற புரோகிராமைத் திறந்தேன். டிஸ்க்கை நீளமாக ஒரு பட்டையாகப் படம் போட்டுக் காட்டும், வயல் வரைபடம் மாதிரி. அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எஸ்.டி.பி-யைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தேன், புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டேன். பச்சை டிக்கை அமுக்கும்வரை எதையும் செய்யாது, அமுக்கும்போதும் ஒருதரம் கேட்கும், இதிலிருக்கிற தகவல் போய்விடலாம், சரியா என்று. நல்ல மனுஷன் மாதிரி கேட்டது. நான்தான் சீட்டைப் பார்த்தேனே தவிர, அது கேட்டதைக் காதில் வாங்கவில்லை. சரி என்று அமுக்கினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

திருப்தியாக ஃபைல் மேனேஜரைத் திறந்து, படங்கள் டிஸ்க் என்று நான் நினைத்ததைத் தட்டினேன். ஊர் பேர் ஒன்றுகூட இல்லை. பழைய சிஸ்டத்தின் ஃபோல்டர்களும், எப்போதோ ஏற்றி வைத்த பாட்டுகளும் வரிசையாக வந்தன. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நாலு தடவை திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ரெண்டு பேர் வந்து நின்றாங்க. ஐம்பது வயசு இருக்கும் ஒரு அக்கா, கூட அவங்க புருஷனின் அண்ணன். நம்மூரிலிருந்து ஒரு மணி நேர நடையில் இருக்கிற ஊர். அந்த அக்காவின் புருஷன் போன வாரம் இறந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம காரியம்ணா," என்றாங்க அந்த அக்கா. "படம் வெச்சி மால போடணும்னு பசங்க சொல்றாங்க. வூட்ல ஒண்ணுகூட இல்ல. உங்க கடைலதான் ஒருதபா எடுத்தாரு."

"ஆதார் கார்டுல இருக்குமே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

பெரியவர் அந்தக் கார்டை எடுத்து நீட்டினார். "இத்த பாருங்க. என் தம்பியா, அடுப்புக் கரியான்னு எனக்கே தெரில."

அந்த அக்கா சிரிக்கவில்லை. "இன்னொருதபா பாக்கணும்ணா. அவ்ளோதான். மூஞ்சி மறந்துடுமோன்னு கீது," என்றாங்க.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கணும். "வூட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா, அவதான் எடுத்துத் தரணும், நாளைக்கு வாங்க" என்றேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவங்க நம்பிக்கொண்டு போனாங்க.

சாயங்கால பஸ்ஸில் நீங்க வந்து இறங்கினீங்க. உங்களை வீட்டில் விட்டுவிட்டு அவள் கடைக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அழிச்சதுக்கப்பால அதுல எதனா எழுதுனீங்களா? காப்பி, கீப்பி?"

"இல்ல. தொடவே இல்ல."

"அப்போ கம்னு இருங்க. அது அங்கதான் கீது."

அவள் சொன்னதைத்தான் நீங்க முக்கியமாகத் தெரிந்துகொள்ளணும். டிஸ்க்கில் அழிப்பது என்றால் எரிப்பது இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகிறது. படம் கிடந்த இடத்திலேயே கிடக்கும், அதன் மேலே வேறு எதையாவது எழுதும்வரை. பதறிப்போய் எதையாவது செய்கிறவனுக்குத்தான் நிஜமாகவே எல்லாம் போகும். நான் பதறினேன், ஆனால் பதற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மறுநாள் நீங்க பள்ளிக்கூடம் கிளம்பும் முன்பே அவள் கடையைத் திறந்துவிட்டாள். பெட்டியைத் திறந்து, ரெண்டு டிஸ்க்கின் முதுகிலும் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டைப் படித்தாள். அதில் ஒரு நீள நம்பர் இருக்கிறது. "இதான் உங்க சர்வே நம்பரு," என்றாள். "இது மாறவே மாறாது. கேபிள எங்க வேணா சொருகு." லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் அதே நம்பர் திரையிலும் வருகிறது. அதை வைத்து எது எது என்று ரெண்டு தரம் ஒத்துப் பார்த்தாள். நாங்கள் அழிக்க நினைத்த குப்பை டிஸ்க்கை இப்போது சரியாகத் துடைத்தாள். கிடைக்கிற படங்களை அதில்தான் இறக்க வேண்டும், அழிந்த டிஸ்க்கில் ஒரு புள்ளிகூட எழுதக் கூடாது என்றாள். பிறகு போட்டோரெக் என்று ஒரு புரோகிராமை ஓட்டினாள். அலங்காரம் ஒன்றும் கிடையாது, கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து. டிஸ்க்கை முதல் மூலையிலிருந்து அடி அடியாக நடந்து, படம் மாதிரி எது தென்பட்டாலும் எடுத்து வைக்கும். நூறு, இருநூறு, ஆயிரம் என்று எண்ணிக்கை ஏற ஏற எனக்கு மூச்சு வந்தது. இதை யாரோ எங்கேயோ உட்கார்ந்து, என்னை மாதிரி ஆள் ஒருவன் இப்படிச் செய்வான் என்று யோசித்து, எழுதிச் சும்மா கொடுத்திருக்காங்க. அவங்களை நான் பார்த்ததில்லை. பார்த்தால் காலில் விழுவேன் என்று சொன்னேன். "மொதல்ல டீ வாங்கியாங்க," என்றாள் உங்க அம்மா.

ஆனால் ஒரு வினை இருந்தது. படம் வந்தது, பேர் வரவில்லை. ஊரும் வீடும் பட்டியலோடு போய்விட்டன. எஃப் என்று ஒரு எழுத்தும் நீளமாக ஒரு நம்பரும், எல்லாப் படத்துக்கும் அதே கதி. எத்தனையோ ஆயிரம் முகங்கள் ஒரே குவியலாக. இறந்த அந்த மனுஷரை உங்க அம்மாவுக்கு நினைவில்லை, எனக்கும் இல்லை.

பத்து மணிக்கு அந்த அக்காவும் பெரியவரும் வந்தாங்க. நான் எழுந்து நின்றேன். முந்தின நாள் மறைத்ததையெல்லாம் சொன்னேன். நான்தான் அழித்துவிட்டேன், இவள் தோண்டி எடுத்திருக்கிறாள், அவர் படம் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றேன்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்தே சொல்லிருந்தா நான் நேத்தே திட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப ரெண்டு நாள் திட்டு ஒண்ணா வாங்கணும்," என்றார்.

"வாங்கிக்கிறேங்க."

அந்த அக்கா எங்க ரெண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. "எங்க உக்காரணும்மா?" என்று உங்க அம்மாவிடம் கேட்டாங்க.

உங்க அம்மா ஃபைல் மேனேஜரில் படங்களைப் பெரிசாகத் தெரிகிற மாதிரி வைத்தாள், ஒரு வரிசைக்கு ஐந்து. மவுஸ் சக்கரத்தின் மேல் அந்த அக்காவின் விரலை வைத்து, "இப்டி உருட்டுங்கக்கா, கீழ போவும். இப்டி உருட்டுனா மேல வரும்" என்றாள். சாமை புடைக்கிற கை அது. ரெண்டு உருட்டிலேயே பிடித்துக்கொண்டது.

நம்ம கடையில் ஆணியில் ஒரு வெளிர்நீலச் சட்டை தொங்கும், தெரியுமே. வேலைக்காட்டிலிருந்து நேராக வருகிறவங்க படம் எடுக்க அதைப் போட்டுக்கொள்வாங்க. அதனால் திரையில் ஒரே சட்டையில் நூறு முகம் வந்தது. பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மலயே ஒரு சட்டையிலதான் ஓடுது" என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் படமே வந்தது. "இன்னாது, நான் இம்மாம் கெழவனா?"

"அது மூணு வருசத்துக்கு முந்தி எடுத்தது மாமா," என்றாங்க அந்த அக்கா. "இப்ப இன்னும் மோசம்."

அந்த அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவங்க முகம் படித்ததைப் போல யாரும் படித்து நான் பார்த்ததில்லை. உருட்டிக்கொண்டே சொல்வாங்க: "இது ஓடக்கர வூட்டு மருமவ. இவரு தேன் எடுக்கப் போயி கால ஒடச்சிக்கினவரு. இந்தப் பொண்ணு இப்ப வேலூர்ல நர்சு. இது யாரு... ஓ, மீசய எடுத்துட்டான்." சும்மா பெஞ்சில் சாய்ந்திருந்த உங்க அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஒரு யோசனை ஓடியதைப் பார்த்தேன்.

மதியம் தாண்டியது. சாப்பிடக் கூப்பிட்டேன், அந்த அக்கா வரவில்லை. கரண்ட் ஒருதரம் போய் வந்தது, யூ.பி.எஸ் பீப் பீப் என்று கத்தியபோது எனக்கு உயிர் போய் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிசையில் அவங்க விரல் நின்றது.

முதலில் வந்த படம் பாதிதான். நெற்றியும் கண்ணும் இருந்தது, மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. டிஸ்க்கில் அந்த இடத்தின் மேலே நான் போட்ட புதுப் பார்ட்டிஷன் ஏறிவிட்டிருக்கணும். நான் தலையைத் தூக்கவில்லை. அந்த அக்கா விரலால் திரையைத் தொட்டு, "இவருதான்" என்றாங்க. "வாயி எங்கம்மா?"

பெரியவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

உங்க அம்மாவுக்கு ஒரு வழக்கம். ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒரு படம் எடுப்பாள், அவங்களுக்குத் தெரியாமலே. விண்ணப்பத்துக்கு ஆகாத படம். அழித்துவிடலாம். அவள் அழிப்பதில்லை. இடம் அடைக்கிறது என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். டிஸ்க் நிரம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் உருட்டுங்க," என்றாள். "இன்னொண்ணு கீது. இருக்கணும்."

எட்டு வரிசை தள்ளி அது இருந்தது. முழுசாக இருந்தது. கடைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் போட மாட்டேன் என்று என்னிடம் ஏதோ வம்பு பண்ணிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை. கழுத்தில் அவருடைய சொந்தத் துண்டு.

அந்த அக்கா ரொம்ப நேரம் பார்த்தாங்க. உங்க அம்மா மெதுவாக, "நேரா பாக்குற மாதிரி இல்லியே அக்கா, காரியத்துக்கு வெக்கலாமா?" என்று கேட்டாள்.

"நேரா எங்க பாத்தாரு அவரு," என்றாங்க அந்த அக்கா. "இப்டித்தான். யாருக்கனா பதில் சொல்லிக்கினே இருப்பாரு." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, வந்து பாரு உன் தம்பிய" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாங்க.

பெரியவர் வந்து பார்த்தார். என்னைத் திட்ட வைத்திருந்த ரெண்டு நாள் திட்டை அவர் அன்றைக்குத் திட்டவில்லை, பிறகும் திட்டவில்லை. "பெருசா போட்டுக் குடுங்க," என்று மட்டும் சொன்னார். உங்க அம்மா படத்தில் முகத்துக்குப் பின்னால் இருந்த சுவர்க் கறையை மட்டும் துடைத்தாள். பல் இல்லாத இடத்தைத் தொடவில்லை. நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, ஈரம் காயும்வரை ரெண்டு கையிலும் ஏந்தி நின்றாள். அவள் அப்படி நின்றதைப் பார்த்தபோது, இவளோடு ஒரே கடையில் வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

படத்தைத் தாள் சுற்றிப் பையில் வைத்தோம். கிளம்புவாங்க என்று நினைத்தேன். அப்போதுதான் உங்க அம்மா, மனதில் ஓடியதைக் கேட்டாள். "அக்கா, மத்தவங்க எல்லாம் இதே மாதிரி என்னிக்காவது வந்து நிப்பாங்க. எந்த மூஞ்சி எந்த வூடுன்னு எனக்குப் பாதிதான் தெரியும். நீங்க சொன்னீங்கன்னா எழுதிப் போட்டுக்குவேன். இன்னொரு நாளு வர்றீங்களா?"

அந்த அக்கா பையைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாங்க. "இன்னொரு நாளு எதுக்கு," என்றாங்க. "உக்காரு, சொல்றேன்."

ஓடைக்கரை வீடு திரும்பி வந்தது. பலாமரத்து வீடு வந்தது. உங்க அம்மா ஃபோல்டர் போடப் போட, அந்த அக்கா சொல்லச் சொல்ல, நான் படங்களை இழுத்து இழுத்து உள்ளே போட்டேன். மூன்று ஊர் முடிந்து நாலாவது ஊரில் இருந்தோம். வெளியே பஸ்காரர் ஹார்ன் அடித்தார். பெரியவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்று, "இன்னாம்மா, வண்டி பூடும்" என்றார்.

"இரு மாமா," என்றாங்க அந்த அக்கா, திரையை விட்டுத் திரும்பாமல். "இந்த வூடு முடிஞ்சிடட்டும்."